ஆர்என்ஏ-செக் தரவிலிருந்து பதினைந்து நிமிட உரை வரை: ஆராய்ச்சி மாணவருக்கு முழுமையான வழிகாட்டி

முதன்முறையாக உரை கொடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பத்து நிமிடம் ஓடியிருக்கும். திரையில் இன்னும் பைப்லைன் படம் (தரவு கடந்துவந்த கணினிப் படிகளின் வரிசை), பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக. முதல் முடிவு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். இதைவிட மோசமான நிலையும் உண்டு. முடிவு உரிய நேரத்திலேயே வந்துவிடும், முன்வரிசையில் ஒருவர் "இந்த மரபணு கூடுகிறதா, குறைகிறதா?" என்று கேட்பார், மாணவருக்கு அந்த நொடியில்தான் சந்தேகம் வரும்.

இரண்டுக்கும் காரணம் வேலையின் வரிசை. ஸ்லைடைத் திறப்பதற்கு முன் முடிக்கவேண்டிய சோதனைகளை ஸ்லைடு போட்ட பிறகு தொடங்குகிறோம், அல்லது தொடங்குவதே இல்லை. கீழே இருப்பது நான் கடைப்பிடிக்கும் வரிசை. இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆர்என்ஏ-செக் வேலையை (ஆர்என்ஏவைப் படித்து ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு வெளிப்படுகிறது என்று எண்ணும் முறை) உதாரணமாக எடுத்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

மாதிரி அட்டவணை ஒன்று: ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு வரி. எந்தக் குழு, எந்தத் தேதியில் ஆர்என்ஏ எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், எந்த நாளில் லைப்ரரி (வரிசைப்படுத்தும் கருவிக்கு ஏற்பப் பக்குவப்படுத்திய மாதிரி) தயாரானது, கருவியின் எந்த லேனில் (தடத்தில்) ஓடியது. இதைக் கணினியில் தேடினால் கிடைக்காது. ஈரப்பரிசோதனை (ஆய்வக மேசையில் நடக்கும் வேலை) செய்தவரின் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும். இன்றே போய்க் கேளுங்கள். ஆறு மாதம் போனால் அவருக்கே மறந்துவிடும்.

அடுத்து, எந்த ஜீனோம் பதிப்பு, எந்த மரபணுக் குறிப்புக் கோப்பு (எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று சொல்வது) என்பது எழுத்தில் வேண்டும். மனித ஜீனோமில் 2009-இல் வந்த 37-ஆம் பதிப்பும் 2013-இல் வந்த 38-ஆம் பதிப்பும் இரண்டுமே இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில் எடுத்த இருப்பிட எண் மற்றொன்றில் வேறு இடத்தைக் காட்டும்.

மூலக் கோப்புகளை 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிடுங்கள். தவறான ஃபோல்டரில் நின்று அழிப்புக் கட்டளை கொடுக்காத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

2. கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"இந்தத் தரவில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம்" என்பது கேள்வி ஆகாது. "இந்த மரபணுவை நீக்கினால் இரும்பு உள்ளிழுக்கும் மரபணுக்கள் குறைகின்றனவா?" என்பது கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு பக்கமும் பதில் வரக்கூடியதாக இருக்கவேண்டும்.

முடிவைப் பார்க்கும் முன்பே இதை எழுதித் தேதி போட்டுவையுங்கள். முடிவைப் பார்த்துவிட்டால் கேள்வி தானாகவே அதற்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். எழுதியவருக்கே அது தெரியாது.

3. அட்டவணையைக் கண்ணால் பாருங்கள்

எந்தக் கட்டளையும் ஓட்டுவதற்கு முன் அந்த அட்டவணையை உட்கார்ந்து பாருங்கள். கன்ட்ரோல் மாதிரிகள் எல்லாம் திங்கட்கிழமை, மருந்து கொடுத்தவை எல்லாம் செவ்வாய்க்கிழமை என்று இருந்தால், மருந்தின் விளைவையும் நாளின் விளைவையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. பேட்ச் (ஒரே நாளில் ஒன்றாகச் செய்த மாதிரித் தொகுதி) திருத்தம் என்ற பெயரில் எதை ஓட்டினாலும் இரண்டும் சேர்ந்தே போகும் அல்லது சேர்ந்தே நிற்கும். அதை முதல் நாளே நெறியாளரிடம் சொல்வது சங்கடம்தான். ஆனால் உரையின் கேள்வி நேரத்தில் வேறொருவர் சொல்லிக் கேட்பது அதைவிடச் சங்கடம்.

ஒவ்வொரு நாளிலும் இரண்டு குழுவும் கலந்திருந்தால் பிரச்சினை இல்லை. பேட்சைப் புள்ளியியல் மாடலின் சூத்திரத்திலேயே ஒரு காரணியாகச் சேர்த்துவிடலாம். புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, எண்ணிக்கைகளிலிருந்து பேட்சை முதலில் 'கழித்துவிட்டு' அந்தத் திருத்திய எண்களைச் சோதனைக்குக் கொடுப்பது. கழித்த எண்கள் படம் வரைய மட்டும்.

ரெப்ளிகேட் (ஒரே குழுவில் தனித்தனியாக எடுத்த மாதிரி) எத்தனை என்பதையும் இங்கேயே எண்ணிவிடுங்கள். ஒற்றைச் செல் ஆய்வில் மூன்று எலியிலிருந்து பத்தாயிரம் செல் எடுத்திருந்தால் உங்களிடம் இருப்பது மூன்று ரெப்ளிகேட், பத்தாயிரம் அல்ல. ஒரே எலியின் செல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவற்றைத் தனித்தனிச் சான்றாக எண்ணினால் பி-மதிப்புகள் (உண்மையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் இப்படி வரும் வாய்ப்பு) நம்பமுடியாத அளவுக்குச் சிறியதாக வரும். நம்பமுடியாதது என்பதுதான் உண்மையும்.

4. மாதிரிகள் சொன்ன மாதிரிகள்தானா?

குழாய்கள் இடம் மாறுவது அடிக்கடி நடப்பது. மனித மாதிரி என்றால் சுலபமான சோதனை ஒன்று உண்டு: எக்ஸ்ஐஎஸ்டி என்ற மரபணு வழக்கமாகப் பெண் மாதிரிகளில் மட்டும் ஓங்கித் தெரியும்; ஒய் குரோமோசோமில் உள்ள டிடிஎக்ஸ்3ஒய் போன்றவை ஆண் மாதிரிகளில் மட்டும். இரண்டையும் ஒரே படத்தில் போட்டு, அட்டவணையில் எழுதியிருக்கும் பாலினத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. (புற்றுநோய்ச் செல் வரிசைகளில் இந்த இரண்டு அடையாளமும் தொலைந்துபோயிருக்கலாம். அங்கே இதை நம்பாதீர்கள்.)

அப்புறம் பிசிஏ படம்: ஒத்த மாதிரிகளை அருகருகே புள்ளிகளாகக் காட்டுவது. எண்ணிக்கைகளை அப்படியே போட்டால் பெரிய எண் கொண்ட சில மரபணுக்களே படத்தை ஆளும். எனவே மாறுபாட்டைச் சமன்படுத்தும் உருமாற்றம் செய்த பிறகு போடுங்கள். புள்ளிகளுக்கு முதலில் குழுவின்படி நிறம், பிறகு அதே படத்துக்கு நாளின்படி நிறம், பிறகு ஆர்என்ஏ எடுத்தவரின்படி. எந்த நிறம் தெளிவாகப் பிரிகிறதோ அதுதான் உங்கள் தரவில் அதிகம் பேசுகிறது.

ஒரு புள்ளி தனியாக நின்றால் உடனே அதைத் தூக்கிப் போடாதீர்கள். காரணம் கண்டுபிடித்தால் மட்டும் நீக்குங்கள். நீக்கியதை உரையில் சொல்லுங்கள்.

5. எண்ணிக்கைக் கோப்பில் வரும் நான்கு தவறுகள்

டெசெக்2, எட்ஜ்ஆர் (குழுக்களுக்கிடையே மாறிய மரபணுக்களைக் கண்டறியும் மென்பொருள்கள்) இரண்டுக்கும் முழு எண்ணாக உள்ள மூல எண்ணிக்கைதான் வேண்டும். டிபிஎம் மதிப்பை (மரபணு நீளத்துக்கும் மொத்த எண்ணிக்கைக்கும் ஏற்பச் சரிக்கட்டிய அளவு) முழு எண்ணாக்கிக் கொடுத்தால் மென்பொருள் முனகாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் முடிவு தவறாக இருக்கும். எத்தனை ரீடு (கருவி படித்த துண்டு) எண்ணப்பட்டது என்பதிலிருந்துதான் அவை நிச்சயமின்மையைக் கணக்கிடுகின்றன. டிபிஎம்மில் அந்தத் தகவல் போய்விடுகிறது.

இழையின் திசை (ரீடு எந்த இழையைச் சேர்ந்தது என்பது) இரண்டாவது. ரீடுகளை எண்ணும்போது திசையற்றது, நேர்த்திசை, எதிர்த்திசை என மூன்று தேர்வு இருக்கும். இழையின் திசையைக் காக்கும், இன்று பரவலாக உள்ள டியுடிபி முறை லைப்ரரிகளுக்கு எதிர்த்திசை. அவற்றுக்கு நேர்த்திசையைத் தவறித் தேர்ந்தால் பெரும்பாலான ரீடுகள் எந்த மரபணுவிலும் சேராது. சந்தேகம் இருந்தால் ஒரே மாதிரியை மூன்று விதமாகவும் ஓட்டி எத்தனை விழுக்காடு சேர்ந்தது என்று பாருங்கள். பதில் பளிச்சென்று தெரியும்.

குரோமோசோம் பெயர் மூன்றாவது. ஒரு கோப்பில் முன்னொட்டோடு எழுதியிருக்கும், மற்றொன்றில் வெறும் எண். சேராது, எல்லாம் பூஜ்ஜியம் வரும். இது நல்ல வகைத் தவறு, கண்ணில் பட்டுவிடும்.

நான்காவது கண்ணில் படாது. ஜீனோம் இருப்பிடங்களை எழுதும் இரண்டு வடிவங்களில், பெட் கோப்பு பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும், ஜிடிஎஃப் கோப்பு ஒன்றிலிருந்து. குரோமோசோமின் முதல் நூறு காரங்கள் பெட்டில் 0–100, ஜிடிஎஃபில் 1–100. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சிறு நிரலை நீங்களே எழுதியிருந்தால் ஒரு காரம் தள்ளிப்போயிருக்கிறதா என்று ஒரு மரபணுவையாவது ஜீனோம் பிரவுசரில் கையால் சரிபாருங்கள்.

6. ஒப்பீட்டின் திசை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு மாணவி தன் அட்டவணையில் குழுக்களுக்கு 'மியூட்டன்ட்' (மரபணு நீக்கியது), 'வைல்டுடைப்' (நீக்காதது) என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தார். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி, வேறு எதுவும் சொல்லாவிட்டால், அகரவரிசையில் முதலில் வருவதை அடிப்படைக் குழுவாக எடுத்துக்கொள்ளும். எம் முன்னால், டபிள்யூ பின்னால். ஆக மியூட்டன்ட் அடிப்படையாகி, வைல்டுடைப்பில் எவ்வளவு கூடியது என்பதே விடையாக வந்தது. கூடியதெல்லாம் குறைந்தது, குறைந்ததெல்லாம் கூடியது.

அவர் இரண்டு வாரம் அந்தத் தலைகீழ் பட்டியலுக்கு உயிரியல் விளக்கம் எழுதினார். விளக்கம் அழகாகவே இருந்தது, அதுதான் பயமுறுத்துகிறது. ஒத்திகையின்போது ஒருவர், "நீக்கிய மரபணுவே எட்டு மடங்கு கூடியிருக்கிறதே?" என்று கேட்டபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. (உண்மையில் படத்தில் இருந்தது எட்டு மடங்கும் அல்ல. லாக்2 அளவில் 8, அதாவது 256 மடங்கு. லாக்2 அளவில் 1 என்றால் இருமடங்கு, 3 என்றால் எட்டு மடங்கு, –1 என்றால் பாதி. இதையும் படத்தின் அச்சிலேயே எழுதிவிடுங்கள்.)

செய்யவேண்டியவை: அடிப்படைக் குழு எது என்று நிரலில் வெளிப்படையாக ஒரு வரி எழுதுங்கள். முடிவை எடுக்கும்போதும் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். டெசெக்2 தன் முடிவுப் பட்டியலின் தலையில் எது எதற்கு எதிராக என்று அச்சிடும். அதை வாய்விட்டுப் படியுங்கள்.

கடைசியாக, திசை முன்கூட்டியே தெரிந்த ஒரு மரபணுவை எடுத்து, ஒவ்வொரு மாதிரியிலும் அதன் எண்ணிக்கையைப் புள்ளியாகப் போடுங்கள். நீக்கிய மரபணுவே சிறந்த தேர்வு. புள்ளிகள் சொல்வதும் பட்டியல் சொல்வதும் ஒன்றாக இருந்தால் சரி, அடுத்த படிக்குப் போகலாம்.

7. "எத்தனை மரபணு மாறியது?"

மனிதரில் புரதம் தரும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. எதுவுமே மாறாத தரவிலும் 0.05 என்ற எல்லையில் ஓராயிரம் மரபணு 'மாறியதாக' வரும். அதனால் திருத்திய பி-மதிப்பைத்தான் பார்க்கவேண்டும். வழக்கமாக அது 1995-இல் வந்த பெஞ்சமினி–ஹாக்பெர்க் முறை. வால்கேனோ படத்தின் (மாற்றத்தின் அளவையும் பி-மதிப்பையும் எதிரெதிரே காட்டுவது) நெட்டச்சில் திருத்தாததைப் போட்டுவிட்டு, எல்லைக் கோட்டைத் திருத்தியதற்கு வரைவது பழகிப்போன தவறு.

டெசெக்2-இல் நீங்கள் எல்லை எதுவும் சொல்லாவிட்டால் அது 0.1-ஐ எடுத்துக்கொள்ளும். 0.05-ஐத்தான் உரையில் சொல்லப்போகிறீர்கள் என்றால் அதை முன்பே கொடுத்துவிடுங்கள். எண்ணிக்கை குறைந்த மரபணுக்களை வடிகட்டும் கணக்கு அந்த எல்லையைப் பொறுத்தே நடக்கிறது.

சில மரபணுக்களுக்குத் திருத்திய மதிப்பே இருக்காது, காலியாக வரும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. எண்ணிக்கை மிகக் குறைவு, அல்லது ஒரு மாதிரி மட்டும் எக்கச்சக்கமாக விலகியிருக்கிறது, அல்லது எல்லா மாதிரியிலும் பூஜ்ஜியம். சாதாரண அட்டவணையாக மாற்றி 0.05-க்குக் கீழே என்று வடிகட்டும்போது இந்தக் காலி வரிகளும் ஒட்டிக்கொண்டு வந்து உங்கள் மொத்தத்தை ஊதிவிடும். ஸ்லைடில் போட்ட எண்ணும் துணை அட்டவணையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாதபோது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

8. எக்செல் பக்கம் போகாதீர்கள்

மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும், கேட்காமலே. இந்தத் தொல்லை பொறுக்காமல் மனித மரபணுப் பெயரிடும் குழு 2020-இல் பெயர்களையே மாற்றியது: மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1, செப்ட்2 இப்போது செப்டின்2. பழைய குறிப்புக் கோப்பு வைத்திருந்தால் பழைய பெயர்தான் வரும், அபாயமும் வரும். பெயரோடு என்செம்பில் தரவுத்தளத்தின் அடையாள எண்ணையும் ஒரு நெடுவரிசையில் வைத்திருங்கள். திறந்து பார்த்தே ஆகவேண்டுமென்றால் அந்த நெடுவரிசையை 'உரை' என்று சொல்லி இறக்குமதி செய்யுங்கள்.

9. பாத்வே பட்டியல்

மாறிய மரபணுக்கள் எந்த உயிரியல் செயல்பாடுகளில் அதிகம் சேர்ந்திருக்கின்றன என்று ஒரு பின்னணித் தொகுப்போடு ஒப்பிட்டுச் சொல்வது பாத்வே பட்டியல். அந்தப் பின்னணித் தொகுப்பை மட்டும் கவனித்தால் பாதி தவறு போய்விடும். கல்லீரல் மாதிரியில் மாறிய மரபணுக்களை முழு ஜீனோமோடு ஒப்பிட்டால் 'கல்லீரல் செயல்பாடு' என்று வரும். வராமல் என்ன செய்யும்? அந்தத் திசுவில் வெளிப்பட்டு, சோதனைக்குள் வந்த மரபணுக்களே பின்னணியாக இருக்கவேண்டும். இணையதளக் கருவிகளில் இதற்கென்று ஒரு பெட்டி இருக்கும். பெரும்பாலோர் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

10. காலி ஃபோல்டரில் மறுபடி ஓட்டுங்கள்

ஸ்லைடுக்கு முந்தைய கடைசிப் படி. புதிய காலி ஃபோல்டர், மூலக் கோப்பு, நிரல், அவ்வளவுதான். முதலிலிருந்து கடைசிவரை ஓட்டி அதே எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள்.

வராது, முதல் முறை. மூன்று வாரத்துக்கு முன் கையால் திருத்திய ஒரு கோப்பையோ, நினைவகத்தில் மட்டும் இருந்த ஒரு மாறியையோ உங்கள் நிரல் நம்பிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் படி. நெக்ஸ்ட்ஃப்ளோ, ஸ்னேக்மேக் போன்றவை (படிகளைத் தானாக வரிசையாக ஓட்டும் கருவிகள்) தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் எண் போட்ட நான்கு நிரல் கோப்புகளும் அவற்றை வரிசையாக அழைக்கும் ஒரு கோப்பும் போதும். தொகுப்புகளின் பதிப்பு எண்களை ஒரு கோப்பில் சேமியுங்கள். தற்செயல் எண் பயன்படுத்தும் இடங்களில் விதை எண்ணை நிலைப்படுத்துங்கள். யூமேப் படம் (செல்களை ஒற்றுமைப்படி புள்ளித் திட்டுக்களாகக் காட்டுவது) ஒவ்வொரு முறையும் வேறு உருவில் வந்தால் நெறியாளருக்கு உங்கள் மேலேயே சந்தேகம் வரும்.

ஸ்லைடில் வரும் ஒவ்வொரு படமும் எந்த நிரல் கோப்பிலிருந்து வந்தது என்று அந்த ஸ்லைடின் குறிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள். பிறகு யாராவது அச்சை மாற்றச் சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள்.

11. படங்கள்

கட்டுரைக்குப் போட்ட படத்தை அப்படியே ஸ்லைடில் ஒட்டாதீர்கள். நான்கு பலகமுள்ள படத்தில் பேசப்போவது ஒன்றைத்தான் என்றால் ஒன்றை மட்டும் வெட்டி, எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள்.

கன்ட்ரோலுக்கு முதல் படத்தில் சாம்பல் நிறம் என்றால் கடைசிப் படம் வரை சாம்பல். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்கவேண்டாம், பிரித்தறிய முடியாதவர் அரங்கில் இருப்பார். வால்கேனோவில் நாற்பது பெயர் எழுதினால் ஒன்றும் படிக்க முடியாது. பேசப்போகும் நான்கை மட்டும் எழுதுங்கள். வெப்பப்படத்தில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சமன்படுத்தியிருந்தால் இரண்டு விழுக்காடு மாற்றமும் இருபது மடங்கு மாற்றமும் ஒரே அடர்த்தியில் தெரியும். அதைச் சொல்லிவிடுங்கள், அல்லது பக்கத்தில் மாற்றத்தின் அளவைக் காட்டுங்கள். யூமேப்பில் இரண்டு திட்டுக்கள் தூரமாக இருப்பதை வைத்து அவை உறவில் தூரம் என்று வாதாடாதீர்கள். அந்தத் தூரத்துக்கு அப்படிப் பொருள் கொள்ள முடியாது.

12. உரையின் வரிசை

பதினைந்து நிமிடம் என்றால் பேச்சு பன்னிரண்டு, கேள்வி மூன்று. முதலில் முடிவு ஸ்லைடைத் தயாரியுங்கள். அதன் தலைப்பு முழு வாக்கியமாக இருக்கட்டும்: "வால்கேனோ படம்" என்றல்ல, "நீக்கிய செல்களில் இரும்பு உள்ளிழுக்கும் மரபணுக்கள் குறைகின்றன" என்று. இரண்டாம் படியில் எழுதிய கேள்விக்கு இந்த வாக்கியம் பதிலாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஸ்லைடை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். இந்த முடிவைப் புரிந்துகொள்ள அரங்கில் உள்ளவருக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும்? கேள்வி ஒரு ஸ்லைடு, அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒன்று, பரிசோதனை அமைப்பு கைப்படமாக ஒன்று (எத்தனை மாதிரி, எத்தனை நாள்), மாதிரிகள் ஒழுங்காக இருக்கின்றன என்று காட்டும் பிசிஏ ஒன்று. பிறகு முடிவுகள், மூன்று. எது நிரூபணமாகவில்லை என்பதற்கு ஒன்று.

பைப்லைனுக்கு? ஒரு வரி, பரிசோதனை அமைப்பின் ஸ்லைடிலேயே. "இவ்வளவு உழைத்திருக்கிறேனே" என்று மாணவர்கள் கேட்பார்கள். உழைப்பு தெரிவது கேள்வி நேரத்தில்தான்.

புதிய முறையையே உருவாக்கியவர் என்றால் கதை வேறு. அங்கே முறைதான் முடிவு. அப்போது அரங்கம் கேட்கப்போவது சோதனைத் தரவைப் பற்றி. உதாரணமாக, கணிக்கும் முறை ஒன்றுக்காகப் புரத வரிசைகளைத் தற்செயல் முறையில் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்திருந்தால், சோதனையில் உள்ள புரதத்தின் நெருங்கிய உறவினர் பயிற்சியில் இருந்திருக்கும். துல்லியம் பொய்யாக உயரும். எம்எம்சீக்ஸ்2 போன்ற மென்பொருளால் வரிசை ஒற்றுமைப்படி குழுவாக்கி, முழுக் குழுவாக ஒரு பக்கம் வைத்துப் பிரித்ததைக் காட்டுங்கள்.

ஒவ்வொரு படம் வரும்போதும் முதலில் அச்சுகளைச் சொல்லுங்கள்: "கிடையச்சில் மாற்றத்தின் அளவு, ஒவ்வொரு புள்ளியும் ஒரு மரபணு." பிறகு எங்கே பார்ப்பது, பிறகு அதன் பொருள். உங்களுக்கு அந்தப் படம் மூன்று மாதப் பழக்கம். அவர்களுக்கு மூன்று நொடி.

13. கேள்வி நேரத்துக்கான ஸ்லைடுகள்

இந்தத் துறை உரைகளுக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். உயிரியலார், "கியூபிசிஆரில் சரிபார்த்தீர்களா?" என்பார் (ஒரு மரபணுவின் ஆர்என்ஏவைத் தனியாக அளக்கும் முறை அது). அதே ஆர்என்ஏவில் கியூபிசிஆர் செய்தால் அளவீடு சரி என்றுதான் தெரியும். உயிரியல் சரி என்று தெரிய புதிதாக வளர்த்த மாதிரிகள் வேண்டும். எதைச் செய்தீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். புள்ளியியலார் பேட்ச், ரெப்ளிகேட், எல்லை மதிப்பு பற்றிக் கேட்பார். மாதிரி அட்டவணை, நாளின்படி நிறமிட்ட பிசிஏ, எல்லையை மாற்றினால் எத்தனை மரபணு மிஞ்சுகிறது என்ற சிறு பட்டியல் ஆகிய மூன்றையும் முடிவு ஸ்லைடுக்குப் பின்னால் மறைத்துவையுங்கள்.

விடை தெரியாத கேள்விக்கு "அதை நான் சோதிக்கவில்லை, சோதித்தால் இன்னதைப் பார்ப்பேன்" என்பது போதுமான பதில். அங்கேயே நின்று புது விளக்கம் கண்டுபிடிக்கப் போனால் அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

'நன்றி' என்ற ஸ்லைடில் நிற்காதீர்கள். கேள்வி நேரம் முழுக்கத் திரையில் முடிவு ஸ்லைடே இருக்கட்டும். கேட்பவருக்கு எதைக் கேட்பது என்று தெரியும்.

14. ஒத்திகை

வாய்விட்டு, நின்றுகொண்டு, கடிகாரத்தோடு. மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் எப்போதும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும், ஏனென்றால் மனம் திக்குவதில்லை. முதல் ஒத்திகை நேரத்தைத் தாண்டினால் வேகமாகப் பேசப் பழகாதீர்கள்; ஒரு ஸ்லைடை எடுங்கள்.

ஒத்திகை பார்க்க உங்கள் லேப் ஆள் ஒருவர், வேறு லேப் ஆள் ஒருவர் என்று கூப்பிடுங்கள். வேறு லேப் ஆளிடம் உரை முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நான் என்ன கண்டுபிடித்தேன்?" அவர் சொல்வதும் உங்கள் முடிவு ஸ்லைடின் தலைப்பும் ஒத்துப்போகும்வரை திருத்துங்கள். அந்த மாணவியின் தலைகீழ் திசையைக் கண்டுபிடித்தவரும் வேறு லேப் ஆள்தான்.

நேரடி டெமோ வேண்டாம், திரைப்பிடிப்பு போதும். கோப்பை பிடிஎஃப் வடிவிலும் ஒரு பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். அரங்கின் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது.